திருப்பி வாங்காத பிள்ளை

என் பேத்தியை ஒரு கோயிலில் விட்டுவிட்டு வந்தவன் நான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வந்தேன், படகிலும் பஸ்ஸிலும் என் மடியில்தான் இருந்தாள், வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும் நான்தான். ஆனாலும் விட்டுவிட்டுத்தான் வந்தேன். அதை மறைத்து, பெற்றவளுக்குப் பொய்யும் சொன்னேன்.

கிழவனுக்கு வயது போய் மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். நான் விஞ்ஞானம் படிப்பித்த ஆள். பேய், முனி என்று பிள்ளைகள் வகுப்பில் கதைத்தால் சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். சுடலைக்குப் பக்கத்து ஒழுங்கையால் இருட்டில் சைக்கிளில் வந்துபோன காலத்திலும் எனக்கு நாய்களுக்குத்தான் பயம்.

மனைவி போனபிறகு வேலணையில் மகளோடு இருக்கிறேன். மகள் வாணிக்கு இங்கேயே ஒரு கந்தோரில் வேலை. மருமகன் கட்டாரில். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் கவினுக்கு ஏழு வயது, வாய் காது வரைக்கும். சின்னவள் ஆரணி அப்போதுதான் மூன்று முடிந்து நேர்சரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பகலில் இரண்டு பேரையும் பார்ப்பது என் பொறுப்பு. ஆரணிக்குச் சோறு தீத்துவதென்றால் கோப்பையோடு வளவு முழுக்க அவளுக்குப் பின்னால் ஓட வேண்டும். குளிக்க வார்த்தால் அயலெல்லாம் கேட்கும். சனிக்கிழமை வந்தால் மண்கும்பான் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று விடியவே என் காலைக் கட்டிக்கொள்வாள். அம்மப்பா, அம்மப்பா என்று நாள் முழுவதும் வாய் ஓயாது.

கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கண் மேலே செருகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு வாணி ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை தப்பினால் மூன்று வயதில் அம்மாளாச்சிக்கு விற்று வாங்குவேன் என்று. எங்கள் பக்கத்தில் இருக்கிற வழக்கம்தான். பிள்ளையைக் கோயில் வாசற்படியில் இருத்தி, இனி இது உன்னுடைய பிள்ளை என்று அம்மனிடம் சொல்ல வேண்டும். விலையாக ஐயர் ஒரு பிடி தவிடு தருவார். பூசை முடிந்தபிறகு ஒரு கொத்து அரிசியைக் கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் பழைய நோய் பழைய பிள்ளையோடு போய்விடும் என்பார்கள். மருந்து கொடுத்த டொக்டரைத்தான் கும்பிட வேண்டும் என்று நான் அப்போதே பகிடி பண்ணினேன்.

மருமகனின் குடும்பக் கோயில் நயினாதீவில் இருக்கிறது. எல்லாரும் போகிற பெரிய கோயிலைச் சொல்லவில்லை, பனங்கூடலுக்குள் இருக்கிற சின்ன அம்மன் கோயில். குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து படகு. இறங்குதுறையில் இறங்கின கொஞ்ச நேரத்தில் வாணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குத் துடக்கு வந்துவிட்டது, கோயிலுக்குள் வர ஏலாது என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதற்காக எத்தனை மாதம் காத்திருந்தவள். இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போடலாம்தானே என்று கேட்டேன். நேர்த்தி நாளைத் தள்ளக்கூடாது என்றாள். தெரிந்த வீடு ஒன்றில் கவினோடு இருந்துகொண்டு, ஆரணியையும் அரிசிப் பையையும் என்னிடம் தந்தாள்.

"அப்பா, பூசை முடிஞ்சு ஐயர் கூப்பிட்டுத் தந்தாப்பிறகுதான் பிள்ளையைத் தூக்கவேணும். உங்கட விஞ்ஞானத்தை இண்டைக்கு மட்டும் மறந்திடுங்கோ."

ஓம் என்றேன்.

ஐயர் நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், என்னிடம் படித்த ஒருவரின் தம்பி. ஆரணியைப் படியில் இருத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லித் தந்தார். நான் வெட்கத்தோடு முணுமுணுத்தேன். என் கையில் தவிடு விழுந்தது. இனி அம்மாளின்ர பிள்ளை மாஸ்டர், பூசை முடியட்டும், அரிசியைக் குடுத்து வாங்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் பெரிய அபிஷேகத்துக்குச் சாமான்களோடு வந்து இறங்கியது. பூசை இழுபட்டது. வெளியே சோளகக் காற்று பனைகளை ஆட்டத் தொடங்கிவிட்டது. கடல் எழும்புது, படகை நேரத்தோடு நிறுத்தப் போறாங்களாம் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்குப் பசி, வியர்வை, எரிச்சல். இரண்டு பிள்ளைகளோடு தீவில் தங்குவதை நினைத்தேன். கதவு நிலையிலே சாய்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆரணி. வாய் ஓயாத பிள்ளை அவ்வளவு நேரமும் ஒரு சொல் பேசவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன், யோசிக்கவில்லை.

தூக்கினேன். கதவு நிலையை அவள் பிடித்திருந்தாள். அழவில்லை, ஆனால் விடவுமில்லை. அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

வழியில் ஒரு ஆடு நின்றது. பை நிரம்பியிருந்தால் வாணிக்குத் தெரிந்துவிடும் என்று அரிசி முழுவதையும் அதன் முன்னால் கொட்டினேன். இதைத்தான் நான் மறக்க முயல்கிறேன். அவசரத்தில் ஒரு சடங்கை விட்டது ஒன்று. வெறும் பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தது வேறு.

வாங்கினீங்களோ அப்பா என்று வாணி கேட்டாள். ஓம் என்றேன். பிள்ளையின் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாளே வீடு அமைதியாகிவிட்டது. கொடுத்ததை ஆரணி சாப்பிட்டாள். கோப்பையைக் குசினியில் கொண்டுபோய் வைத்தாள். கதிரை நுனியில் காலைச் சேர்த்துக்கொண்டு இருந்தாள். குளிக்க வார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அம்மாளாச்சி குழப்படியைத் தான் எடுத்துப்போட்டா என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கும், உண்மையைச் சொன்னால், கோப்பையோடு ஓடாமல் இருந்தது சுகமாகத்தான் இருந்தது.

ஒரு பின்னேரம் வாணி வேலையால் வந்தாள். மற்ற நாளென்றால் ஸ்கூட்டி நிற்க முன்னம் போய் ஏறிக்கொள்ளும் பிள்ளை, கதவோரம் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அன்ரி, எனக்குக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?"

கவின் நிலத்தில் விழுந்து சிரித்தான். "அம்மா, இவவுக்கு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடுத்து அனுப்பிவிடுங்கோ. வந்த ஆக்களுக்கு அப்பிடித்தானே குடுக்கிறது."

நாங்களும் சிரித்தோம். ஆனால் அவள் நிறுத்தவில்லை. நேர்சரிக்கு வெளிக்கிடுத்தும்போது அன்ரி, படுக்கப் போடும்போது அன்ரி. ஒவ்வொரு முறையும் மரியாதையாக. அம்மா எப்ப வருவா என்று கேட்பாள். இதோ நான்தானே செல்லம் என்று வாணி சொன்னால், பெரியவர்கள் சொல்வதை மறுக்கக்கூடாது என்று பழக்கின பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். டொக்டரிடம் காட்டினோம். தகப்பன் தூரத்தில் இருக்கிறார், இந்த வயதில் பிள்ளைகள் இப்படி விளையாடும், பெரிதுபடுத்தாதேயுங்கோ என்றார். அந்தச் சொல்லை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். வாணி மெலிந்துகொண்டு போனாள்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளை பழையபடி சிரிக்கட்டும் என்று மண்கும்பானுக்குப் போனோம். நம்புங்கள், நம்பாமல் விடுங்கள், பட்டப்பகல். வெயில் கண்ணைக் குத்தியது. கரையில் எங்களைத் தவிர ஒரு குருவி இல்லை. வாணி பாயை விரித்துச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், கவின் மண் தோண்டினான், கரையில் இழுத்து விட்டிருந்த படகு ஒன்றின் மறுபக்கம் ஆரணி போனாள். அவளுடைய சிரிப்புக் கேட்டது. நயினாதீவால் வந்தபிறகு முதல் முறை. ஏதோ கதை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சந்தோசத்தோடு எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

தனியாக இருந்தாள். காற்றில் பறந்துகொண்டிருந்த தலைமயிர் எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, படிய வாரியிருந்தது. கன்னத்தில் கறுப்புப் பொட்டு. கண்ணூறு படாமல் இருக்கக் குழந்தைகளுக்கு வைப்பார்களே, அது. எங்கள் வீட்டில் மை இல்லை. வாணி அதெல்லாம் வைக்கிறவள் இல்லை. பெருவிரலால் தொட்டேன். ஒட்டியது. ஈரம். விளக்குப் புகையில் பிடித்து வீட்டில் செய்கிற மையின் மணம்.

"ஆர் பிள்ளை வைச்சது?"

"அம்மா" என்றாள். என்னைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒளிந்துகொள்ள ஒரு மரம் இல்லாத கரை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாணிக்கு முன்னால் மணலில் குந்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் ஆரணியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"அரிசி?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டுக்குக் கொட்டினேன் என்றேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரின்ர பிள்ளையை, அப்பா, குளிப்பாட்டினனான்?"

அடுத்த நாள் எல்லாரும் நயினாதீவுக்குப் போனோம். படகில் அவள் என் பக்கத்தில் இருக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஐயர் வீட்டில் ஆரணி நித்திரையாகிவிட்டாள். அவளையும் கவினையும் ஐயரின் மனைவி பார்த்துக்கொண்டா. வாணியும் நானும் ஐயரும்தான் கோயிலுக்குள். நான் ஐயரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரிசிப் பையை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், பிள்ளையை அண்டைக்கே வாங்கிட்டீங்கள்தானே?"

வாணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஐயர் சொன்னது இதுதான். பூசை முடிந்து அவர் வெளியே வந்தபோது படியில் பிள்ளையும் இல்லை, நானும் இல்லை. ஒரு பெண் அரிசியோடு நின்றிருக்கிறாள். பிள்ளையின் பெயர், நட்சத்திரம் எல்லாம் பிழையில்லாமல் சொன்னாளாம். பிள்ளை தாத்தாவோடு முன்னுக்குப் போய்விட்டாள், நான் வாங்க வந்தனான் என்றாளாம். வாணியை முன்பு கண்டிராதபடியால் தாய் என்றுதான் நினைத்தாராம். மந்திரம் சொல்லி, அரிசியை வாங்கி, பிள்ளையைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினாராம். ஆள் எப்படி என்று கேட்டேன். எங்கட ஆக்கள் மாதிரித்தான் மாஸ்டர், வித்தியாசமா ஒண்டும் இல்லை என்றார். திரும்பவும் விற்று வாங்க ஏலாதோ என்று கெஞ்சினேன். அம்மாளிட்ட இல்லாத பிள்ளையை நான் எப்பிடி உங்களுக்குத் தாறது என்று கேட்டார்.

வாணி படியில் இருந்தாள். பக்கத்தில் அரிசி. வாங்கினவள் வந்தால் அவளிடமே திருப்பி வாங்குவேன் என்றாள். உச்சி வெயில் சாயும் வரை இருந்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யாரும் வரவில்லை. நான் விழுந்து கும்பிட்டேன். என் ஆயுளில் முதல் தரம். பிழை என்னுடையது, தண்டனையை எனக்குத் தா என்று வாய்விட்டுச் சொன்னேன். பனைகளில் காற்றுத்தான் சரசரத்தது.

கடைசியில் வாணி பேசினாள். பக்கத்தில் இருக்கிற ஒருத்தியோடு கதைக்கிற மாதிரி, சாதாரணமாக.

"அக்கா, நீங்கள் முறையாத்தான் வாங்கினீங்கள். நான் பறிக்க வரேல்லை. ஆனால் பெத்தவள் நான். என்ர கையை விட்டு எடுத்திடாதேங்கோ. ரெண்டு பேருமா வளப்பம்."

அரிசியைப் படியிலேயே விட்டுவிட்டு எழும்பினாள். அவள் அப்படிச் சொன்னதை நானும் ஐயரும்தான் கேட்டோம். ஐயர் வீட்டுக்குப் போனபோது ஆரணி இன்னும் நித்திரைதான் என்று அவர் மனைவி சொன்னா. நாங்கள் உள்ளே போகக் கண் விழித்தாள். வாணியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"சின்னம்மா, தூக்குங்கோ."

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சின்னம்மா என்று கூப்பிடுவதில்லை. வாணிக்குச் சகோதரிகள் இல்லை. அவள் ஓம் பிள்ளை என்று சொல்லித் தூக்கிக்கொண்டாள்.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆரணி பழையபடி ஓடுகிறாள், சோற்றைத் துப்புகிறாள், தமையனோடு மல்லுக்கு நிற்கிறாள். ஏன் உன்னைச் சின்னம்மா எண்டிறாள் என்று மருமகன் போனில் கேட்டபோது, அப்பிடிப் பழகிட்டாள் என்று வாணி சொன்னதைக் கேட்டேன். பிள்ளைகளை அவள் இப்போது என்னோடு தனியாக விடுவதில்லை. எனக்குச் சாப்பாடு போடுகிறாள், மருந்து எடுத்துத் தருகிறாள், வேறு கதை இல்லை. இன்னொரு கோயில், இன்னொரு ஐயர் என்று ஒருமுறை தொடங்கினேன். விடுங்கோ அப்பா, எங்களிட்ட விட்டு வைச்சிருக்கிறா, அது போதும் என்றாள்.

சில பின்னேரங்களில் ஆரணி வளவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது "அம்மா" என்று கூப்பிடுவாள். குசினியில் வாணியின் கை அப்படியே நின்றுவிடும். பதில் சொல்ல மாட்டாள், வெளியே எட்டிப் பார்க்கவும் மாட்டாள். நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பதில் வராவிட்டால் எந்தக் குழந்தையும் இன்னொரு தரம் கூப்பிடும். ஆரணி கூப்பிடுவதில்லை.