மாமன் வண்டிக்கு டைமிங் வைத்தது

என் மனைவியின் தம்பிக்கும் எனக்கும் ஆகாது. இதை நான் ஊரறியச் சொல்வேன், அவனும் சொல்வான். எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. அவனுக்கு வாளையார்ப் பக்கம் தென்னந்தோப்பு. அதோடு அவன் அப்பா விட்டுப்போன பழைய வெள்ளை அம்பாசடர். அதைத் தினமும் துடைப்பான், பொட்டு வைப்பான். பானட்டைத் திறந்தால் மட்டும் ஒன்றும் புரியாது. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

போன தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வருவது தாய்மாமன். அதை நான் மாற்ற நினைக்கவில்லை. ஆனால் அந்த வண்டியில் உட்காரப் போவது என் மகள். வண்டியைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆன்லைனில் வாங்கிய எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருந்தான். நல்ல சாமான்தான். மாட்டினால் போதுமா? பிளக்கில் தீப்பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று டைமிங் வைக்க வேண்டாமா? டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பி, காதுக்கு இனிமையாக இருந்த இடத்தில் போல்ட்டை இறுக்கிவிட்டான். நிற்கும்போது எஞ்சின் ஜோராக ஓடும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் தட்டும். கேட்டால், "இப்ப வர்ற பெட்ரோலே செரியில்லீங் மச்சான்" என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பந்தல்காரர்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் நான் பானட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தீப்பொறி விழுகிற நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை முதல் பிளக் வயரில் மாட்டிவிட்டேன். டைமிங்கைத் தானாக மாற்றிவிடாமல் இருக்க வேக்குவம் குழாயைப் பிடுங்கி ஒரு ஸ்குரூவால் அடைத்தேன். லைட்டை அடித்துப் பார்த்தால், எஞ்சின் முன்னால் சுற்றுகிற சக்கரத்தின் கோடு, அது நேராக நிற்க வேண்டிய முள்ளுக்குப் பக்கத்தில்கூட இல்லை, எங்கேயோ முன்னால் போய் நிற்கிறது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"வந்து பாரு மாப்ள, நீ எங்க வெச்சிருக்கறன்னு."

அவன் லைட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "எங்கப்பன் வண்டிங்க இது. தொடறக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டீங்ளா?"

"கேட்டா நீ உடுவியா?" என்று போல்ட்டைத் தளர்த்தினேன்.

"கைய எடுங்க."

நான் எடுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினேன். கோடு நகர்ந்து வந்து முள்ளுக்கு நேராக நின்றது. இறுக்கினேன். எத்தனை வருஷமாக அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல நினைத்ததோ, அதையும் சேர்த்துச் சொன்னேன்: "உங்கப்பன் இருந்திருந்தா இந்தச் சாவிய உங்கையில குடுத்திருக்கவே மாட்டாரு."

பந்தல்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்கள். என் மனைவி வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவன் கத்தவில்லை. "வண்டிய நீங்களே வெச்சுக்குங்க. நாளைக்குப் புள்ளைய கூட்டீட்டுப் போறக்கும் உங்க கம்பெனில இருந்தே ஒரு மாமன புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டான்.

போகட்டும் என்றுதான் இருந்தது. அன்று மத்தியானம் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தட்டல் இல்லை. அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் விடிந்ததும் மாலை கட்டிய வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். மகள் பட்டுச்சேலையோடு வந்தாள். நான் திறந்து வைத்த கதவைத் தாண்டி நடந்தாள். தெருமுனையில் அவன், வெள்ளை வேட்டி சட்டையில், ஒரு ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தான். மகள்தான் போன் செய்து வரவழைத்திருக்கிறாள்.

"சேல அழுக்காயிரும் கண்ணு, வண்டில ஏறு" என்றேன்.

"மாமா எதுல வந்தாலும் அதுல தானுங்ப்பா நான் போவேன். அவரு வண்டியத்தான் நீங்க புடுங்கிட்டீங்ளே."

சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் முந்திக்கொண்டு மண்டபத்துக்கு ஓட்டினேன். வண்டி நுழைந்ததும் மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் ஆரத்தித் தட்டோடு எழுந்து வந்தார்கள். போட்டோக்காரர் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார். காலி சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங், பொண்ணு எங்கீங்?"

மேளம் நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று: "அவங்க மாமன் கூட்டீட்டு வர்றாருங்க."