மண்டிப் போனில் ஒரு வார்த்தை

எழுபதுகளின் கடைசியில் நான் தொலைபேசி இலாகாவில் லைன்மேன். திருவண்ணாமலையில் ஒரு கடலை மண்டியில் பழுதான போனைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை மூட்டைகளோடு காத்திருந்த விவசாயி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். நகக்கண்களில் செம்மண். சென்னையிலிருந்து அந்தப் போனில் வரும் விலைதான் அன்றைய விலை.

“இதுல நாம பேசினா அவங்களுக்குக் கேக்குமா சார்?”

“கேக்குமே. ஏங்க?”

“ஒரு வார்த்தை பேசிக்கறேன்.”

மண்டிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கம்பியை நான் இன்னும் இணைக்கவில்லை. விளையாட்டாக ரிசீவரை நீட்டினேன். அவர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினார்.

“ஐயா, இந்த வருசம் மழை கம்மிங்க. இருந்தும் மல்லாட்டை நல்லா திரண்டிருக்குது. விலையைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரிசீவரைத் திருப்பித் தந்தார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. “லைன் இன்னும் குடுக்கலைங்க. அந்தப் பக்கம் யாருமில்ல” என்றேன்.

“தெரியும் சார். இருந்தா நம்மளப் பேச விடுவாங்களா?”

கம்பியை இணைத்தேன். மண்டிக்காரர் வந்த சற்று நேரத்துக்கெல்லாம் மணி அடித்தது. துண்டு மறுபடியும் கக்கத்துக்குப் போனது. போனை எடுத்த மண்டிக்காரரும் “சரிங்க, சரிங்க” என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. கேட்டு முடித்து அவர் சொன்ன விலைக்கு, விவசாயி தலையாட்டிவிட்டு மூட்டையை அவிழ்த்தார்.