கலங்கரை விளக்கமும் கறுப்பு அட்டையும்

கடற்கரைக் கலங்கரை விளக்கத்தை நிலா வெளிச்சத்தில் படம் எடுத்தே தீருவது என்பது என் கணவரின் பல வருஷத்துப் பிடிவாதம். என் பிடிவாதம் வேறு: அவர் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர். "அடுத்த மாசம்" என்று சொல்லிச் சொல்லியே என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார்.

பௌர்ணமிக்கு மறுநாள் விடியுமுன்னே மேற்கு மாம்பலத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். லஸ் பக்கம் நடுரோட்டில் போலீஸ் தடுப்பு. நான் கத்திய பிறகுதான் வண்டியை ஒடித்துத் திருப்பினார்.

"இன்னாங்க, தூங்கிக்கினே ஓட்டுறீங்களா?" என்றேன்.

"தடுப்புல ஒரு லைட்டாவது கீதான்னு பாரு!" என்று போலீஸைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

கடற்கரை மணலில் கேமரா ஸ்டாண்டை ஊன்றினார். மேற்கே சாய்ந்த நிலா, கோபுரத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளை ஒரு பக்கம் மட்டும் துலக்கியிருந்தது. இருட்டில் படம் பதிய, கேமராவை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் உச்சியில் சுழலும் விளக்கு நம் பக்கம் திரும்பினால் அந்த இடம் வெளுத்துவிடும். அதனால் விளக்கு திரும்பும்போதெல்லாம் லென்ஸைக் கறுப்பு அட்டையால் மறைத்து, போனதும் அட்டையை விலக்குவார். தெப்பத் திருவிழாவில் விளக்குகளுக்கு நடுவே அவர் கை இதே வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் தப்பியதில்லை.

அன்று தப்பியது. விளக்கு எங்கள் பக்கம் மின்னிவிட்டுப் போன பிறகு அட்டை எழுந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. கேலி செய்யலாமென்று திரும்பினேன். அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. குனிந்தபடி, உதடு அசைய விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எப்படி வந்துக்கீது?" என்று கேமராவை நீட்டினார்.

"நீங்களே பாருங்க."

திரையை மூக்கருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "நல்லாதான் வந்துக்கீது."

படத்தில் கோபுரத்துக்குத் தலையே இல்லை. வெள்ளையாக ஒரு கறைதான் இருந்தது.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கண்ணோடு என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார்!

"எவ்ளோ நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா. நேரா பார்த்தா நடுவுல கறுப்பா ஒரு திட்டு," என்றார், மணலைப் பார்த்தபடி.

விடிந்ததும் ஸ்கூட்டர் அருகே வந்தோம். கையை நீட்டினேன். நான் ஓட்டுவதைக் கிண்டல் செய்து வண்டியைப் பிடுங்கிக்கொள்ளும் மனுஷன், சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி, என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.