சாவடியில் நின்ற கார்

எங்கள் வீட்டில் வண்டியும் இல்லை, மாடும் இல்லை. பாகூர் ஏரிக்கரையிலிருந்து வில்லியனூர் திருவிழாவானாலும் சரி, புதுச்சேரி சந்தையானாலும் சரி, நடைதான். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. "வண்டி வச்சிருக்கவன் மாட்டுக்கு அடிமைப்பா. மழை பேஞ்சா சேத்துல நிப்பான். நான் வரப்புல பூந்து போயிருவேன்" என்பார். அதில் பொய்யில்லை. எங்கள் ஊர்களெல்லாம் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில்; வழியெல்லாம் இடையிடையே பிரிட்டிஷ்காரன் நிலம் குறுக்கிடும். ரோட்டில் போகிற வண்டியைச் சுங்கச் சாவடியில் நிறுத்திக் குடைவார்கள். வரப்பில் போகிறவரை ஏனென்று கேட்க ஆளில்லை.

ஆனால் அப்பாவின் பெருமையை அம்மாதான் தலையில் சுமந்தாள். எங்கள் பக்கத்தில் ஆம்பிளை கைவீசி முன்னால் போவான். பெண்பிள்ளை மூட்டையோடு பின்னால் வருவாள். அம்மாவுக்குக் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு திரும்பிப் படுக்க முடியாது. "நான் நடந்த நடை என் பொண்ணு நடக்கக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்று, வில்லியனூர்ப் பக்கம் கார் வைத்திருந்த வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாள்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் நெருங்கியும் காரைக் காணோம். அம்மாவுக்கு உயிரே இல்லை. கடைசியில் மாப்பிள்ளை வரப்பு வழியாக நடந்து வந்தார். முழங்கால் வரை சேறு, கையில் செருப்பு. காகிதம் சரியில்லை என்று சாவடியில் காரைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாடி, கடசீல காலுதான் கரை சேத்துது!"

எனக்கு அப்பாவைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

தாலி கட்டி முடிந்து, மறுநாளும் காரை விடவில்லை. புருஷன் வீட்டுக்கு நடந்தே கிளம்பினோம். என் தகரப் பெட்டியைத் தலையில் வைக்க நான் துணியைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அம்மா உடைந்துபோனாள்.

"இதுக்காடி நான் கார் வச்ச வூடா தேடுனேன்!"

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்த சும்மாட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "பொட்டியத் தூக்கி வைங்க மாமா" என்றார் அப்பாவிடம்.

"இன்னாடா இது, மாப்ள பொட்டி தூக்குறாரு!" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா திருதிருவென்று விழித்தார். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கி வைத்தார். வழிப்பயணத்துக்கு என்று அவர் ஒரு சுமையைத் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கை வீசிக்கினு போடி" என்றாள்.