கரையேறாத படகுக்குக் கையெழுத்தில்லை

கிண்ணியாவில எங்கட கம்பனி வாசலில "படகு, யொட் வடிவமைப்பு" எண்டு ஒன்பது வருசமாப் போர்டு தொங்குது. பணக்காரர் உல்லாசத்துக்கு ஓடுற யொட் ஒண்டும் வரைஞ்சதில்லை. போர்டில இடம் மிச்சமிருக்கு எண்டு எழுதினவன் சொல்ல, என்ட மனிசன் ஜவ்பர் அதையும் போடச் சொன்னவராம். எங்கட தூரநோக்கு அவ்வளவுதான்.

கம்பனி தொடங்கினதும் ஒரு கூத்துத்தான். சுனாமிக்குப் பிறகு ஆரோ தானமாக் குடுத்த படகுகளுக்கு அடி கத்தி மாதிரி. கடலில பறக்கும், மணலில இழுத்தா உழும். காத்து எழும்பின ஒரு நாள் இவர்ர காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் அபூதாஹிர், அப்பிடியொரு படகைக் கரையேத்த ஏலாமல் அதோட மல்லுக்கட்ட, அலை படகைத் தூக்கி அவர்ர இடுப்பில போட்டது. அண்டையிலயிருந்து காக்கா சக்கரக் கதிரையிலதான். இவர் வாளெடுத்து அந்த அடியை அறுத்துத் தட்டையாக்கினார். அதுதான் எங்கட முதல் டிசைன். பிறகு நான் கொம்பியூட்டரில வரையப் பழகினன், இல்லாட்டி இவர் சீமெந்துப் பையிலதான் வரைவார்.

போன வருசம் பல் டொக்டர் குணரத்தினம் யொட் வேணுமெண்டு வந்தார். இவர் தட்டை அடியோட, ரெண்டு பக்கமுமாச் சேத்து இருபது கைபிடி வச்சு வரைஞ்சு குடுத்தார்.

"இதென்ன ஜவ்பர்?"

"பிடிச்சுக் கரைக்கு இழுக்க, டொக்டர்."

"ஆர் இழுக்கிறது? நான் இறங்குதுறை ஜெட்டியிலதான் கட்டுவன். யொட்டெண்டா கவிழாமல் இருக்க அடியில கீலெண்டு கனத்த இரும்புத் தகடொண்டு தொங்கவேணும்."

"தொங்கினாக் கரையேறாது. நான் வரைபடத்தில கையெழுத்து வைக்க மாட்டன்."

டொக்டர் எழும்பிப் போயிட்டார். எனக்கு ஆத்திரமெண்டா ஆத்திரம். "ஒன்பது வருசத்தில வந்த ஒரே யொட்! கொஞ்சம் பல்லைக் காட்டியிருந்தா என்ன குறைஞ்சிடும்?" எண்டு கத்தினன். இவர் வாசலில இருந்த காக்காவையே பாத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கொம்பியூட்டரைத் திறந்தன்.

ரெண்டு கிழமை இருந்து திருப்பி வரைஞ்சன். சங்கிலியை இழுத்தா கீல் படகின்ட வயித்துக்குள்ள ஏறும். டொக்டருக்குப் பிடிச்சிட்டுது. கைபிடியையும் பொறுத்துக்கொண்டார். இவர் மட்டும், "ஒருக்காக் கரையேத்திப் பாத்துத்தான் கையெழுத்து" எண்டு நிண்டார்.

கட்டி இறக்கின அண்டைக்குக் கீலைத் தூக்கி, கரைக்கு இழுத்தம். பத்தொன்பது பேர், முழங்கால் மட்டும் மடிச்ச வெள்ளைக் களிசானோட டொக்டரும் சேத்தி. ஒரு கைபிடி மிச்சம். காக்கா தன்னைக் கொண்டு போகச் சொன்னவர். அவர் கதிரையிலயிருந்து அதைப் பிடிக்க, நான் பின்னால நிண்டு கதிரையைத் தள்ளினன். படகு ஏறிட்டுது. காக்கா கையை எடுக்கேல்ல. இவர் பக்கத்தில வந்து குந்தி, காக்காவின்ட மடியில வரைபடத்தை விரிச்சுக் கையெழுத்து வச்சவர்.