வளைவில் நின்ற வண்டி

சனிக்கிழமை காலை பஸ் எங்கள் மலைக்கு வந்தபோது படியில் வேறொரு கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். "ஆறுச்சாமி அண்ணன் நேத்துத் தவறிப்போயிட்டாருங்க. நெஞ்சு வலி" என்றார். ஏறத் தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டேன். அன்று எங்கள் சனம் யாரும் சந்தைக்குப் போகவில்லை. சத்தியமங்கலத்தில் இறங்கி நேராக அவர் வீட்டுக்குத்தான் போனோம்.

அங்கே நானும் உங்களோடு அழுதேன். ஆனால் டிப்போக்காரர்களே, அவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டீர்களே, எழுத உட்கார்ந்தால் அழுகை வரவில்லை. சொல்ல வேண்டியது அவ்வளவு முட்டிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊரில் போன் டவர் கிடையாது. காலேஜுக்கு விண்ணப்பம் போட்டால் சேதியெல்லாம் போனுக்குத்தான் வருகிறது. அதனால் எங்கள் பிள்ளைகள் கண்டக்டர் ஆறுச்சாமியின் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். சேதியில் பேர் இருக்காது, விண்ணப்ப எண் மட்டும் இருக்கும். அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "எட்டு ஒண்ணு ஒண்ணு ஆறு, யாரு ஊட்டுப் புள்ளைங்கோ?" என்று கூவுவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

என் பேத்தி கவிதா பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். எங்கள் ஊர் இருளர் பிள்ளைகளில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு முதலில் விண்ணப்பம் போட்டவள் அவள்தான். என் மகன் நஞ்சன் ஒரே ஒரு காலேஜ் பேரைச் சொன்னான். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, சாயங்கால வண்டிக்கு வீடு திரும்பிவிடலாம். ஆறுச்சாமிக்கு வந்ததே கோபம்!

"டவுன் புள்ளைக மார்க்கப் பாத்துக் காலேஜ் தேடறாங்க. நம்ம புள்ளைக பஸ் டைமப் பாத்துத் தேடறாங்க. இது நாயமுங்களா?"

தோட்டம் துரவு உள்ள குடும்பத்தில் பிறந்தவர், எங்கள் பிள்ளைகளை 'நம்ம புள்ளைக' என்றார். கவிதா மெல்ல, கோயமுத்தூர் அரசு காலேஜ் என்றாள். விருப்பப் பட்டியலில் அதை முதலில் போட்டு, நஞ்சன் சொன்னதை அடுத்துப் போட்டார் ஆறுச்சாமி. "வந்தாப் பாத்துக்கலாம்" என்று முனகினான் நஞ்சன். வராது என்ற தைரியம்.

வந்துவிட்டதே! அன்று நெல்லிக்காய் விற்றுவிட்டு நாலு மணி வண்டியில் மலையேறிக்கொண்டிருந்தேன். சோதனைச் சாவடி தாண்டி மூன்றாவது வளைவு, அதற்கு மேல் சிக்னல் கிடையாது. அங்கே அவர் போன் சத்தம் போட்டது.

"ரெண்டு ஏழு சைபர் அஞ்சு, யாருங்கோ?"

"என்ற பேத்திங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டேன்.

விசில் அடித்தார், வண்டி நின்றது. கோயமுத்தூர் காலேஜே கிடைத்திருந்தது. ஆனால் எப்போது அனுப்பிய சேதியோ, அன்று ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். அப்போதே மணி நாலரை. கவிதாவும் நஞ்சனும் மலைமேல். வண்டி அங்கே போய்ச் சேரவே ஐந்தரை ஆகும்.

"ஆத்தா, நீங்க சொல்லுங்க. ஒத்துக்கலாமா, வேண்டாமா?"

"எனக்கென்னங்க தெரியும்? நஞ்சன் வைவானுங்க."

முன் சீட்டு வேட்டிக்காரர் ஒருவர், "ஏனுங் கண்டக்டரே, மலைக்காரப் புள்ள கோயமுத்தூரு போயி என்ன பண்ணப் போகுது? வண்டிய எடுங்க, தோட்டத்துல வேல கெடக்குது" என்றார்.

"உங்க பையன் அங்க என்ன பண்றானோ அதையேதானுங்க. ஆனா இந்தப் புள்ள பாஸும் பண்ணிப்போடும்" என்றார் ஆறுச்சாமி. பஸ்ஸே சிரித்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

ஆறுச்சாமி என் பக்கத்தில் குனிந்தார். "நஞ்சன் என்ன சொல்வான்னு நான் கேக்கலைங்க ஆத்தா. புள்ள என்ன சொல்லும்?"

அது எனக்குத் தெரியுமே!

"அமுத்து கண்ணு!" என்றேன்.

அமுத்தினார். பின் சீட்டில் யாரோ கை தட்ட, வண்டி முழுக்கத் தட்டினார்கள்.

நஞ்சன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேத்திக்குப் பெட்டி வாங்க அவனே சத்தியமங்கலத்துக்குக் கிளம்பினான். கவிதா இப்போது மூன்றாம் வருஷம், ஒரு பாடத்திலும் தவறவில்லை!

ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வாயிலிருந்து ஒரு பதில் வரட்டும் என்று, நிறைந்த பஸ்ஸை நிறுத்திவைத்துக் காத்திருந்தார் அந்த மனுஷன். அந்தப் பொறுமையைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டுப் பவித்ரா பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். அவள் அப்பன் தூரம், செலவு என்று அடுக்கினான். அவனைக் கையமர்த்திவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "சென்னைங்க பாட்டி" என்றாள். சென்னை எந்தத் திக்கில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதையே முதலில் போடச் சொல்லிவிட்டேன்.