நான் சொல்லிக் கொடுத்த அர்த்தங்கள்

கல்யாணமான நாலாவது வருஷம் என் புருஷனுக்கு நான் வாத்தியார் ஆனேன். பென்னலூர்ப் பக்கம் புதிதாக வந்த மருந்து பாட்டில் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். பெட்டிமேல் எழுதியிருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லத் தெரிய வேண்டும். அவர் அஞ்சாவதோடு நின்றவர். நான் பதினொன்றாம் வகுப்பு பாஸ். அந்தப் பாஸை வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அடுப்படியில் பாடம். அகராதி அர்த்தமெல்லாம் அவர் மண்டையில் ஏறாது. அதனால் வீட்டை வைத்தே சொன்னேன். எம்ப்டி என்றால் மாசக் கடைசியில் நம்ம அரிசிப் பானை. ஃபுல் என்றால் ஐப்பசியில் செம்பரம்பாக்கம் ஏரி. டேமேஜ் என்றால் என் சீர்க்குடத்தை உங்க அம்மா கீழே போட்டாங்களே, அது. அர்ஜென்ட் என்றால் உன் பசி. விழுந்து விழுந்து சிரிப்பார். அப்போது அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

அவருக்கு வேலை கிடைத்தது. எனக்கும் ஆசை வந்தது. படித்த படிப்புக்கு ஒரு இடத்தில் போய் உட்கார வேண்டும் என்ற ஆசை.

"எனக்கும் ஒரு இடம் கேளேன்யா."

"அங்க பொம்பளைங்கள எடுக்கறதில்ல."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த வருஷம் ரோட்டோரம் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி வேன் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியை நிறுத்தி, என் புருஷன் அங்கேதான் வேலை செய்கிறார் என்று சொன்னேன்.

"அண்ணன் வூட்டுக்காரங்களா நீங்க? அவர்தான்க்கா இண்டர்வியூவுக்கு முன்னாடி எங்களுக்கு இங்கிலீஷ் அர்த்தமெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. சிரிச்சிகினே கத்துகினோம்."

"இப்பவும் ஆள் எடுக்கறாங்களா?"

"போன மாசத்தோட முடிஞ்சிச்சிக்கா. உங்களையும் கூட்டினு வரச் சொல்லி சூப்பர்வைசர் கேட்டாரு. உங்களுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரே."

அவள் முகத்தில் என்மேல் இரக்கம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் கட்டினவனை ஊரார் முன்னால் பொய்யனாக்க மனசு வரவில்லை.

"ஆமாம்மா, தெரியாது" என்றேன்.

அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்படிச் சொன்ன என்னையும்தான்.